சிமெண்ட் கடைக்காரரின் அக்கா

வாடகைக்கு வீடு பார்க்கப் போன எங்களிடம் அந்த வீட்டுக்கார அம்மா என் வேலையைக் கேட்கவில்லை, சொந்த ஊரையும் கேட்கவில்லை. கேட்டைத் திறந்ததும் என் இடது கை ஆள்காட்டி விரலைப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

சைக்கிள் செயினில் மாட்டி நசுங்கிய விரல். துணியைச் சுற்றிக் கட்டியிருந்தேன்.

"கட்டு யார் போட்டது?"

"நானேதான்."

"அப்புறம் உள்ள தெறந்து பாத்தியா?"

"இல்லீங்க."

"அவுரு."

என் மனைவி சாந்தி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் நான் விரல் கட்டை அவிழ்த்தேன். அவர் என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய் விரலைக் கழுவினார். நான் கத்தியதைக் காதிலேயே வாங்கவில்லை. "காத்தாடக் கெடக்கட்டும். மூடி மூடி வச்சா உள்ள சீழ் கோத்துக்கும்" என்று சொல்லிக் கையை விட்ட பிறகுதான், "வீடு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார்.

எண்பதுகளின் கடைசி அது. மேற்குத் தாம்பரத்தில் ரயில்வே லைனிலிருந்து சில தெருக்கள் தள்ளி இருந்தது அந்த வீடு. எந்தக் காலத்திலோ ஓர் ஆங்கிலோ இந்திய என்ஜின் டிரைவர் கட்டியது. தடித்த சுவர், உயரமான கூரை, பின்னால் ஒரு மாமரம். பின்பக்கப் போர்ஷன்தான் வாடகைக்கு. நான் அதுவரை பார்த்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் காற்று வரும் ஜன்னலை முதலில் காட்டுவார்கள். இவர் வரிசையாகக் குறைகளைக் காட்டிக்கொண்டே போனார்.

"இந்த ஜன்னல் மழை வந்தா சாத்த வராது. பாத்ரூம்ல தேரை வரும், ஒண்ணும் செய்யாது. கோடையில கிணத்துத் தண்ணி கலங்கலா இருக்கும்."

"நல்ல விஷயம் ஏதாவது இருக்குங்களா?" என்று சாந்தி மெல்லக் கேட்டாள்.

பின்னாலேயே வந்துகொண்டிருந்த அவருடைய கணவர், "மாமரம் இருக்கும்மா" என்றார்.

"அதுலயும் வண்டு" என்றார் அவர்.

தெருமுனைக்கு வந்ததும் சாந்தி சொன்னாள்: "வாடகையே இன்னும் பேசல, அதுக்குள்ள உங்களை நீ, வா, போன்னுட்டாங்க. ஆனா இங்கியே வந்துடலாங்க. இவ்வளவு குறையச் சொன்னவங்க இனிமே புதுசா சொல்ல என்ன இருக்கு?"

அவர் நெஞ்சு நோய் ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு பொறுப்பு நர்ஸ். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. பழைய மொபெட் ஒன்றில் நிமிர்ந்து உட்கார்ந்து அவர் வந்தால் சண்முகம் ரோட்டில் காய்கறி வண்டிகள் தாமாக ஒதுங்கும். தெருவே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்த அவர் கணவரும் ஒருமுறை, ரேஷன் கடை வரிசையில் ஞாபகப் பிசகாக, "சிஸ்டர், பையைக் குடு" என்று சொல்லிவிட்டு முகம் சிவந்து நின்றார். அதன் பிறகு பொது இடங்களில் அவர் மனைவியைக் கூப்பிடுவதே இல்லை. லேசாக இருமுவார்.

எதையும் திறந்து பார்க்காமல் சிஸ்டரால் இருக்க முடியாது. கல்யாண வீட்டில் பரிசுப் பொட்டலம் கொடுத்தால் மேடையிலேயே பிரிக்கச் சொல்வார். "உள்ள என்னன்னே தெரியாம எதுக்குத் தேங்க்ஸ் சொல்ற?" சாந்திக்கு வளைகாப்பு நடந்தபோது வந்திருந்த ஏழெட்டுப் பொட்டலங்களை அவரே உட்கார்ந்து பிரித்து, அதில் மூன்று ஒரே மாதிரி குங்குமச் சிமிழ் என்பதைச் சபைக்கு அறிவித்தார். கொடுத்த மூன்று பேரும் அங்கேயே இருந்தார்கள்.

அவர் சுவரைத் தட்டுவதும் உண்டு. நெஞ்சு நோயாளியின் முதுகில் டாக்டர்கள் இடது கை விரலை வைத்து வலது கை விரலால் தட்டிக் கேட்பார்கள் அல்லவா, அப்படி. யார் வீட்டுக்குப் போனாலும் காபி வருவதற்குள் பக்கத்துச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டிவிடுவார். "இங்க உள்ள காலி. பூச்சு விட்டுப் போச்சு" என்பார். எதிர் வீட்டுக்காரர் புதிதாகப் பூசிய போர்டிகோவில் தட்டி அப்படிச் சொல்லப்போய், அவர்கள் இரண்டு பொங்கலுக்கு இவரோடு பேசவில்லை.

இவ்வளவும் செய்தவர் வீட்டிலேயே, திறந்து பார்க்க வேண்டிய ஒரு சுவர் இருந்தது.

மாடிப்படிக்குக் கீழே சின்ன மரக்கதவு. திறந்தால் படிகள் பூமிக்குள் இறங்கும். கீழே ஒரு நீள அறை. என்ஜின் டிரைவர் அதில் சாராயப் பீப்பாய் வைத்திருந்தார் என்று தெருவில் சொல்வார்கள். உருளைக்கிழங்கு என்று சிஸ்டரின் கணவர் சொல்வார். சிஸ்டர் பழைய கட்டில், பாத்திரம் எல்லாம் போட்டு வைத்திருந்தார். அறையின் செங்கல் சுவர்களில் கழுத்தளவுக்கு வழவழவென்று சிமெண்ட் பூச்சு. அது அவருடைய தம்பி கஜேந்திரன் செய்து கொடுத்தது.

கஜேந்திரன் ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமெண்ட் கடை வைத்திருந்தார். அப்பா அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை வளர்த்தவர் சிஸ்டர்தான். கடை திறந்த புதிதில், "அக்கா வூட்டுக்கு என் சீரு" என்று அந்த அறையைப் பூசிக் கொடுத்திருந்தார். முதல் வருஷம் கண்ணாடி போல இருந்ததாம். பிறகு மழைக்கு மழை ஈரம் அந்தப் பூச்சுக்கு மேலே ஏறியது. கீழறையைத் தாண்டிக் கூடத்துச் சுவருக்கு வந்தது. வெள்ளையடித்தால் ஒரு மாதத்தில் சுவர் உப்புப் பூத்துப் பொரிந்தது. ஈரம் ஏறும் ஒவ்வொரு முறையும் கஜேந்திரன் ஆளையும் மூட்டையையும் அனுப்புவார். பூச்சு இன்னும் கொஞ்சம் மேலே ஏறும். ஈரமும் அதற்கு மேலே ஏறும்.

ஊரார் சுவரையெல்லாம் தட்டும் சிஸ்டர் இதை மட்டும் தட்டாமல் இருந்தார். தம்பி செய்தது என்பதால்தான் என்று எனக்குத் தோன்றும்.

அவருடைய ஒரே மகள் மாலதிக்கு வரன் அமைந்தது. ஆவணியில் கல்யாணம். அதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாற்ற வருவதாக ஏற்பாடு. கஜேந்திரன் உற்சாகமாகக் கொத்தனார் முனுசாமியைச் சிமெண்ட் மூட்டைகளோடு அனுப்பிவைத்தார்.

"பேஸ்மெண்ட் செவுரு பூசணும்னு அனுப்சாரு சிஸ்டர்" என்று சொன்ன முனுசாமி வீட்டை வெளிப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எங்கள் பக்கத்தில் பேஸ்மெண்ட் என்றால் தரைமட்டத்துக்கு மேலே தெரியும் கட்டுமானம்தான். "நல்லாத்தான கீது? எங்க பூசறது?"

சிஸ்டர் மரக்கதவைத் திறந்து காட்டினார். முனுசாமி எட்டிப் பார்த்து, "ஐயய்ய! வூட்டுக்குக் கீய இன்னொரு வூடா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் இறங்கினேன். முனுசாமி கலவை போட இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது சிஸ்டர் சுவர் ஓரமாக நின்றார். கை தானாகப் போனது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. வெறும் டப்பாவைத் தட்டினாற்போல.

"முனுசாமி, உளி குடு."

"எதுக்கு சிஸ்டர்? அண்ணன் பூசத்தான்..."

"குடுன்னேன்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே உளியை வைத்து அடித்தார். ஒரு பெரிய சில்லு, கதவு திறப்பது போல முழுசாகப் பெயர்ந்து விழுந்தது. ஈர நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே செங்கல் ஊறிப்போய்ச் சிவந்த சேறு போல இருந்தது. விரலால் தொட்டால் உதிர்ந்தது.

"பாத்தியா? கொதகொதன்னு இருக்கு. எந்த மடையன் இதை மூடிப் பூசினான்?" என்று சிஸ்டர் கத்தினார்.

அந்த நேரம் பார்த்துப் படியில் கஜேந்திரன் நின்றுகொண்டிருந்தார். வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தவர். கையில் எல்லாருக்கும் வடைப் பொட்டலம்.

"இன்னாக்கா பண்ற?"

"வந்து பாரு. உன் சிமெண்ட் பண்ண வேலையை."

"ஊரே என் சிமெண்ட்ல வூடு கட்டிகினு கீது. உன் வூட்டு செவுருக்கு மட்டும் அது ஆவலியா?"

"ஆவலியே. இதோ கண்ணு முன்னாடி இருக்குதே."

"ஆளுங்க முன்னாடி என்னை மடையன்ற. சரி. என் மூட்டையும் வோணாம், நானும் வோணாம். மாலதிக்கு மாமன்சீர் செய்ய வேற யாரனா தேடிக்க."

வடைப் பொட்டலத்தைப் படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். தாய்மாமன் இல்லாமல் கல்யாணமா? முனுசாமி உளியைப் பார்த்தார். நான் முனுசாமியைப் பார்த்தேன். சிஸ்டர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, "ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க" என்று ஆளுக்கு ஒன்று கொடுத்தார். தான் மட்டும் சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து ட்யூட்டி முடிந்து வந்ததும் சிஸ்டர் கீழே இறங்கிவிடுவார். சிமெண்ட்டையெல்லாம் பெயர்த்து எடுத்தார். கூடத்துச் சுவரிலும் இடுப்பளவுக்கு உரித்துவிட்டார். செங்கற்களுக்கு நடுவே பழைய சாந்து கொஞ்சம் மிச்சமிருந்தது. மங்கிய இளஞ்சிவப்பு நிறம். அதை உள்ளங்கையில் வைத்து நசுக்கிப் பார்த்து, "இதுதான் இந்தச் செவுத்துக்குப் பழகினது. இது ஈரத்தை உள்ள வாங்கி வெளிய விட்டுட்டு இருந்திருக்கு. நாம வாயையும் மூக்கையும் அடைச்சுட்டோம்" என்றார்.

அது சுண்ணாம்புச் சாந்து. முனுசாமியிடம் கேட்டபோது, "சுண்ணாம்பா? வெத்தலைக்கா சிஸ்டர்?" என்றார். அவர் காலத்தில் எல்லாம் சிமெண்ட்தான். அதை எப்படிக் கலப்பது என்று அவருக்கும் தெரியாது, சிஸ்டருக்கும் தெரியாது. ஆனால் தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வெல்லத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார் ஒருவர். கடுக்காய் ஊறவைத்த தண்ணீர் என்றார் இன்னொருவர். முட்டை வெள்ளைக்கரு இல்லாமல் பழைய கட்டடமே கிடையாது என்றார் போஸ்ட் மாஸ்டர்.

சிஸ்டர் யாரையும் மறுக்கவில்லை. ஊசி போடுவதற்கு முன்னால் தோலில் கொஞ்சமாகக் குத்தி ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பதைப் போல, கடைச் சுண்ணாம்பில் ஒவ்வொரு வைத்தியத்தையும் கலந்து சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பூசிப் பார்த்தார். வெல்லம் போட்ட இடத்துக்குத் தாம்பரத்து எறும்பு முழுக்க வந்தது. கீழறையிலிருந்து கிளம்பிய அந்த வரிசை எங்கள் சமையலறை சர்க்கரை டப்பா வரை நீண்டது. முட்டை போட்ட இடத்தை ஒரு பூனை இராப்பகலாகக் காவல் காத்தது. வீட்டுக்குள் நுழைந்தால் ஆம்லெட் கெட்டுப்போன வாசனை. வெறும் சுண்ணாம்பும் மணலும் கலந்ததைச் சீக்கிரம் காய வேண்டும் என்று டேபிள் ஃபேன் வைத்தார்; அது பாளம் பாளமாக வெடித்தது.

"அவசரப்பட்டது என் தப்பு. புண்ணு ஆறணும்னா ஃபேனா போடுவோம்?" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கடைச் சுண்ணாம்பு பழசாகிச் செத்துப் போனது, சூளையிலிருந்து நேராகச் சுட்ட கிளிஞ்சல் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். கோவளம் பக்கம் ஒருவர் சுடுவதாகத் தகவல். ஆபீசில் லீவு சொல்லிவிட்டு நான் துணைக்குப் போனேன். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போதுதான் வந்தது வினை.

சுட்ட கிளிஞ்சலைக் கோணியில் கட்டி வாங்கி, கேளம்பாக்கம் வழியாகத் தாம்பரம் வரும் பஸ்ஸில் ஏற்றினோம். சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்தோம். கோவளத்திலேயே மீன்காரப் பெண் ஒருத்தி கூடையோடு ஏறினாள். இடம் இல்லாததால் கூடையை நேராக எங்கள் மூட்டை மேல் இறக்கி வைத்தாள். மீன் கூடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சுட்ட சுண்ணாம்பு என்ன செய்யும் என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

முதலில் ஒரு சீறல். பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து புகை.

"எம்மா! என் மீனு வேவுதும்மா!" என்று அந்தப் பெண் அலறினாள். "யாரு மூட்ட இது? உள்ள பாம் கீதா?"

பாம் என்ற சொல் காதில் விழுந்ததும் பஸ் முழுக்க எழுந்து நின்றது. ஜன்னல் வழியாக ஒருவர் பாதி உடம்பை வெளியே விட்டுவிட்டார். டிரைவர் பிரேக் போட்டார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே, "எறங்கு! எறங்கு! மூட்டயில இன்னா வச்சிகிற?" என்று கத்த, அது பாதி விசிலாகவும் பாதி வார்த்தையாகவும் வந்தது.

சிஸ்டர் எழுந்து நின்றார். வார்டில் நோயாளிகள் சத்தம் போட்டால் எப்படி அடக்குவாரோ அதே குரல்.

"யாரும் கண்ணைக் கசக்காதீங்க. இது சுண்ணாம்பு. குண்டு இல்ல. நம்பலன்னா நானே மூட்டையைத் தெறந்து காட்டறேன்."

"தெறக்காதே!" என்று பஸ்ஸே ஒரே குரலில் கத்தியது. வாழ்க்கையில் அவரை அப்படி யாரும் தடுத்து நான் பார்த்ததில்லை.

மூட்டையை நானும் கண்டக்டரும் துண்டு சுற்றிப் பிடித்து இழுத்து ரோட்டோரம் போட்டோம். பஸ் எங்களையும் மீன்காரப் பெண்ணையும் இறக்கிவிட்டுப் பறந்துபோனது. அவள் கையில் சுண்ணாம்பு பட்டிருந்தது. சிஸ்டர் அவளைப் பக்கத்து அடிபம்புக்கு இழுத்துப் போய், என்னை அடிக்கச் சொல்லி, போதும் போதும் என்று அவள் கெஞ்சும் வரை கையைத் தண்ணீரில் காட்டினார். கடைசியில் அவள், "நல்ல மன்சிதாம்மா நீ. ஆனா இனிமே பஸ்ல வராத" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்காக மரத்தடியில் உட்கார்ந்தாள்.

உப்பளத்து லாரி ஒன்று நின்றது. டிரைவர் ஏறச் சொன்னார். எனக்குப் போன உயிர் வந்தது. சிஸ்டர் லாரிக்குள் எட்டிப் பார்த்து, "உப்பா? வேணாம்ப்பா" என்றார்.

"ஏன் சிஸ்டர்?"

"இந்த செவுத்துக்கு உப்புதான் வியாதியே. அதுங்கூடவா மருந்தை அனுப்பறது?"

உச்சி வெயிலில் அந்த லாரி போவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியில் கோழி ஏற்றிய டெம்போவில் வந்து சேர்ந்தோம். மூட்டைக்கும் எங்களுக்கும் நடுவில் இறகு.

வீட்டுப் பின்புறத்தில் இரும்பு டிரம்மில் தண்ணீர் வைத்துக் கிளிஞ்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். கண்ணாடி மாட்டி, கையில் எண்ணெய் தடவி, எங்களையெல்லாம் மாமரத்துக்கு அப்பால் நிற்க வைத்துவிட்டுத்தான் போட்டார். தண்ணீர் உலை போலக் கொதித்தது. அது அடங்கி வெண்ணெய் போலப் படிந்ததும், மேலே தண்ணீர் நிற்க மூடி, ஊறவிட்டார்.

அது ஊறிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வீட்டார் வரும் நாள் வந்துவிட்டது.

கூடத்துச் சுவர் இடுப்பளவுக்குச் செங்கல் தெரிய நின்றது. ஒரு பட்டுப் புடவையைத் திரையாகக் கட்டலாம் என்று சாந்தி சொன்னாள். சிஸ்டரின் கணவர் பீரோவை நகர்த்தலாம் என்றார். "ஏன், செவுரு என்ன திருடிட்டா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சிஸ்டர் காபிக்குப் பால் வைக்கப் போனார்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கண்ணெல்லாம் சுவரில். மாப்பிள்ளையின் அப்பா கனைத்தார். அவ்வளவுதான். "வாங்க, காட்டறேன்" என்று சிஸ்டர் எழுந்துவிட்டார். பட்டு வேட்டியும் சரிகைப் புடவையுமாக அவர்கள் அத்தனை பேரும் பூமிக்குள் இறங்கினார்கள். டிபன் தட்டோடு நான் படியில் நின்றேன்.

"இதான் எங்க வீட்டுக் கோளாறு. மேல பூசிட்டு உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். எனக்கு அது வராது. எங்களுக்குள்ள இன்னொரு கோளாறும் இருக்கு. என் தம்பி என்கூடப் பேசறதில்ல. கல்யாணத்துக்கு வருவானான்னு தெரியல. இவ்ளோதான் எங்க பக்கம்." சிஸ்டர் அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "உங்க பக்கம் எதுனா இருக்கா?"

மாப்பிள்ளையின் அப்பா வேர்வையைத் துடைத்தார். பையன் என்ஜினியர் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பையன் சுவரைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ரெண்டு பேப்பர் அரியர் இருக்கு ஆன்ட்டி. இன்னும் டிகிரி வரல" என்றான்.

"டேய்!" என்றார் அவன் அம்மா.

"அவ்ளோதான? எழுதிக்கலாம்" என்றார் சிஸ்டர்.

மேலே கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாலதி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவனும் சிரித்தான். தட்டு மாற்றிக்கொண்டார்கள். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா என் காதருகில், "இந்தம்மா ஆஸ்பத்திரியில நர்ஸா, போலீஸா?" என்று கேட்டார்.

தம்பி விஷயம் மட்டும் அப்படியே நின்றது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. மாலதி மாமா கடைக்குத் தனியாகப் போய் அழுதுவிட்டு வந்தாள். கஜேந்திரன் அவளுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாரே தவிர வருவதாகச் சொல்லவில்லை. சிஸ்டரோ, "நான் செவுத்தைத்தான் சொன்னேன், அவனைச் சொல்லல" என்று ஒரே பிடியாக இருந்தார்.

ஒருநாள் காலையில் காபி குடித்துக்கொண்டிருந்த அவருடைய கணவர் டம்ளரைக் கீழே வைத்தார். இருமவில்லை. நேராகப் பேசினார்.

"அன்னிக்கு அந்தப் பூச்சைப் பேக்கும்போது யாரு பூசினதுன்னு கேட்டியே, அது உன் தம்பிதான். மொத தடவை ஆளு வெச்சுப் பூசல. அவனே கையால பூசினான். அப்போ நீ நைட் ட்யூட்டி, பகல்ல தூங்குவ. உன்னை எழுப்பக் கூடாதுன்னு சத்தமில்லாம பூசினான். கூடவே இருந்தவன் நான். சொல்லாதீங்க மாமான்னு சொல்லியிருந்தான்."

சிஸ்டர் யூனிஃபார்ம் புடவையோடு அப்படியே மொபெட்டை எடுத்தார். இவர் மறுபடி ஏதாவது பேசிக் காரியத்தைக் கெடுத்துவிடப் போகிறாரே என்ற பயத்தில் கணவர் என்னையும் சைக்கிளில் விரட்டினார்.

நான் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது கடையில் வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். கஜேந்திரன் கல்லாவில் குனிந்தபடியே, "இன்னா வோணும்?" என்றார், யாரோ எவரோ போல.

"நீயே பூசினேன்னு ஏண்டா சொல்லல?"

கஜேந்திரன் கல்லாவில் சில்லறையை எண்ண ஆரம்பித்தார்.

"அதான பாத்தேன்" என்றார் சிஸ்டர். "மேல ஒரு இடத்துலதான் உப்பிகினு இருந்துச்சு. மீதியெல்லாம் அப்படி ஒரு பிடி. பேக்கறதுக்குள்ள என் தோள்பட்டை போச்சு. கூலிக்காரன் பூசினா இப்படி ஒட்டுமா? நல்ல பூச்சுடா. நல்ல மருந்துதான். அந்த செவுத்துக்கு ஒத்துக்கல. நோயாளிக்கு ஒத்துக்கலன்னா மருந்து குடுத்தவன் மடையனா? நான்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன்."

வாடிக்கையாளர் ஒருவர் என்னிடம், "யாருக்குங்க உடம்பு சரியில்ல?" என்று விசாரித்தார்.

கஜேந்திரன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சிமெண்ட் தூசி" என்றார். பிறகு, "தோளு இன்னும் வலிக்குதாக்கா?" என்றார்.

மறுநாள் சாயங்காலம் கஜேந்திரன் கடையிலிருந்து ட்ரைசைக்கிளில், பழைய சாந்துக்கு அந்த இளஞ்சிவப்பைக் கொடுத்த சாமான், நன்றாக அரைத்த செங்கல் தூள் வந்து இறங்கியது. மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. சிமெண்ட் கடைக்காரன் சுண்ணாம்பு வேலைக்குச் சாமான் கொண்டுபோகிறான் என்று ஜி.எஸ்.டி. ரோட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாதாம்.

ஊறிய சுண்ணாம்பு, ஆற்று மணல், செங்கல் தூள். அக்காவும் தம்பியும் முனுசாமியும் மாறி மாறி மிதித்துக் கலந்தார்கள். உதிர்ந்த செங்கலை எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள். சந்துகளைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி நிரப்பினார்கள். சீக்கிரம் காயக் கூடாது என்று ஈரக் கோணியைத் தொங்கவிட்டு, ஜுரக்காரருக்குத் துணி மாற்றுவதைப் போல மாற்றிக்கொண்டே இருந்தார் சிஸ்டர். கஜேந்திரனுக்கு நாலு நாளிலேயே பொறுமை போய்விட்டது. "இன்னாக்கா இது, இன்னும் ஈரமா கீது? சிமெண்ட்டா இருந்தா இந்நேரம் ஆணி அடிச்சி காலண்டர் மாட்டிருக்கலாம்" என்பார். சொல்லிக்கொண்டே கோணியை நனைப்பார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கஜேந்திரன் மாமன்சீர்த் தட்டுகளோடு மேளம் வைத்து வந்தார். அன்று மேடைக்கு வந்த பரிசுப் பொட்டலங்களைச் சிஸ்டர் பிரிக்கவில்லை. பிரித்தது மாப்பிள்ளை. மாமியாரைச் சந்தோஷப்படுத்துகிறானாம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. தொடர்ந்து பெய்தது. நாங்கள் எல்லாரும் கீழறையில் நின்று சுவரைப் பார்த்தோம். சுவர் ஈரமானது. கஜேந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஈரமாவறது தப்பில்ல. காயுதான்னு பாரு" என்றார் சிஸ்டர். மழை விட்டு வெயில் வந்த பிறகு கஜேந்திரன் தினமும் கடைக்குப் போகும் வழியில் இறங்கிவந்து உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டுப் போவார். கார்த்திகை தீபத்தன்று கீழேயிருந்தே கத்தினார்: "அக்கா! காஞ்சிபோச்சுக்கா!" வடகிழக்கு மூலை மட்டும் கடைசி வரை கொஞ்சம் நமுத்துக்கொண்டேதான் இருந்தது. வீட்டைப் பார்க்க வருபவர்களுக்குச் சிஸ்டர் அந்த மூலையைத்தான் முதலில் காட்டுவார்.

சில வருஷங்கள் கழித்து நாங்கள் ஊரப்பாக்கத்தில் இடம் வாங்கி வீடு கட்டினோம். சிமெண்ட் சொல்ல கஜேந்திரன் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் பல்லாவரத்துக்காரர் ஒருவர் நின்றிருந்தார். கையில் பணத்தோடு, பழைய வீட்டுக் கீழறைச் சுவரெல்லாம் ஈரம், நல்ல சிமெண்ட்டாக வேண்டும் என்றார்.

"அதுக்கு நான் சிமெண்ட் தர்றதில்ல சார்" என்றார் கஜேந்திரன். "மேற்குத் தாம்பரத்துல எங்க அக்கா கீறாங்க. போய்க் கேளுங்க. மொதல்ல செவுத்தைத் தெறந்து பாக்கணும்பாங்க, கோச்சிக்காதீங்க."

அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. பெயர்ப் பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

"இது சிமெண்ட் கடைதானப்பா?"

"ஆமா சார்" என்றார் கஜேந்திரன். "எனக்குக் கடையும் கீது, அக்காவும் கீறாங்க."